மெதுவாக வருகிறவன்

ஹோல்ஸ்டின் 'கிரகங்கள்' பற்றி எழுத உட்காரும்போது முதலில் ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டாக வேண்டியிருக்கிறது. பல வருஷங்கள் நான் அதை விஞ்ஞானத்தின் சங்கீதம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, பிறரிடம் வாதாடியும் இருக்கிறேன்.

1983ல் சென்னையில் வேலையிலிருந்த நண்பர் ஒருவர், யாரிடமோ இரவல் வாங்கிய இசைத்தட்டிலிருந்து காஸெட்டில் பதிவு செய்து எனக்குக் கொடுத்தார். ஸுபின் மேத்தா நடத்த, லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்து, 1971ல் டெக்கா கம்பெனி பதிவு செய்த தட்டு அது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறி. சில வீடுகளில் இரண்டு. எங்கள் வீட்டில் ஒன்று. அந்தத் தறியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு அப்போது ஏழரைச் சனி. சனிக்கிழமை தோறும் சிவன் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தைச் சுற்றி எள் விளக்கு ஏற்றிவிட்டு வருவார். கருங்கல்லில் ஒன்பது பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிற ஒன்பது பேர். அவர்களிடமிருந்து தப்பித்து ஓடிய நான், கோபர்னிகஸின் வீட்டில் வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணி அந்தக் காஸெட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்து சேர்ந்த இடம் இன்னொரு ஜோதிடரின் வீடு என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிந்திருக்க வேண்டும். தட்டில் கிரகங்களின் வரிசையைக் கவனித்திருந்தாலே போதும். செவ்வாய், சுக்கிரன், புதன், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். சூரியனிலிருந்து எண்ணினால் இந்த வரிசை வராது. அதைவிடப் பெரிய விஷயம், பூமி இல்லை. வானசாஸ்திரி எவனும் பூமியை விட்டுவிட்டுச் சூரிய மண்டலத்தை எழுதமாட்டான். பூமியை விடுகிறவன் ஜோதிடன்தான். ஏனெனில் அவன் கால் அதன்மேல் இருக்கிறது, மற்றவை அவனை நோக்கி வருகின்றன. 1913ல் ஸ்பெயினுக்குப் போன ஒரு பயணத்தில் கிளிஃபர்ட் பாக்ஸ் என்ற நண்பர் ஹோல்ஸ்டுக்கு ஜோதிடத்தில் ருசி ஏற்படுத்துகிறார். அதற்குப் பிறகு நண்பர்களுக்கு ஜாதகம் கணித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1914லிருந்து 1917க்குள் ஏழு பகுதிகளும் எழுதப்பட்டன. ஒவ்வொன்றின் தலைப்பும் கிரகத்தின் உடலைச் சொல்லவில்லை, உத்தியோகத்தைச் சொல்கிறது: யுத்தத்தைக் கொண்டு வருகிறவன், சமாதானத்தைக் கொண்டு வருகிறவள், மூப்பைக் கொண்டு வருகிறவன். எங்கள் ஊர் ஜோதிடர் பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சொன்னதும் இதே இலக்கணத்தில்தான்.

இதை நான் தெரிந்துகொண்டபோது ஏற்பட்டது ஏமாற்றம்தான். ஆனால் ஏமாற்றம் ஒரு நல்ல விமர்சகன். தலைப்பு சரிந்த பிறகுதான் சங்கீதம் காதில் விழ ஆரம்பித்தது.

*

தட்டைப் பற்றி. இதை நம்மில் சிலர் 'நம்மவர் ஒருவர் நடத்தியது' என்ற பெருமையோடு குறிப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். மேத்தா 1936ல் பம்பாயில் பிறந்த பார்ஸி, பம்பாயில் ஸிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஒன்றை உருவாக்கிய மெஹ்லி மேத்தாவின் மகன், வியன்னாவில் படித்தவர், 1962லிருந்து 1978 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இவற்றில் எதுவும் அந்தத் தட்டில் கேட்காது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் ஸிம்பனி வாசிக்கப்பட்டபோதும் நமக்குள் நடந்தது இதே கூத்துதான்: நம்மவர் எழுதினார் என்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் எழுதியது என்ன என்று கேட்டார்கள்? பெருமை வேறு, கேட்பது வேறு. பெருமைக்குக் காது தேவையில்லை.

மேத்தாவின் தட்டு சப்தத்துக்குப் பேர் போனது. பித்தளை வாத்தியங்களின் பளபளப்பும், கீழ்ஸ்தாயியின் ஆழமும், ஒவ்வொரு வாத்தியமும் முகத்துக்கு நேரே வந்து நிற்கிற துல்லியமும் அதில் உண்டு. ஒலிப்பெட்டி வாங்கினவர்கள் விருந்தாளிக்குப் போட்டுக் காண்பிக்கிற வகைத் தட்டு. மனிதன் சந்திரனில் நடந்து இரண்டு வருஷமே ஆகியிருந்த சமயம். ஆகாயம் ஒரு காட்சிப் பொருளாகிவிட்டிருந்தது. இதே ஆர்கெஸ்ட்ராவும் இதே மேத்தாவும் சில வருஷங்கள் கழித்து 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இசையையும் பதிவு செய்தார்கள். அந்தப் பட இசை ஹோல்ஸ்டின் செவ்வாயிடம் பட்டிருக்கிற கடன் யார் கேட்டாலும் தெரியும். ஆக, ஜோதிடத்திலிருந்து புறப்பட்ட ஒன்று, ராக்கெட்டில் ஏறி, சினிமாக் கொட்டகையில் இறங்கியது. வழியில் எதையோ தொலைத்துவிட்டது. எதை என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

செவ்வாய். கணக்கு ஐந்து. வில்லின் நாரை விட்டுவிட்டு, வில்லின் மரத்தால் நரம்பைத் தட்டச் சொல்லியிருக்கிறார் ஹோல்ஸ்ட். தகிட - தோம் - தோம் - தக - தோம். இவ்வளவுதான் விஷயம். இது ஒரு கணம்கூட அசையாமல் அடித்துக்கொண்டேயிருக்க, மேலே பித்தளை எழும்புகிறது.

ஒரு மத்தியானம் இதைப் போட்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமா தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். "இன்னாப்பா, யாரு தறி இது? நொண்டுதே" என்றார்.

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இந்தப் பகுதியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தறிக்கு இரண்டு கால். இந்த மிதி, அந்த மிதி. நாடா இப்படி ஓடும், அப்படி ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பலகை ஒரு அடி. இரட்டைப்படை உடம்பில் ஊறிப்போன மனிதருக்கு ஐந்து என்பது ஊனம். இடது காலில் தொடங்கினது மறு சுற்றில் வலது காலில் தொடங்கும். இந்தத் தாளத்துக்குச் சிப்பாய் அணிவகுத்து நடக்க முடியாது. யுத்தத்தின் சங்கீதம் என்று பெயர், ஆனால் எந்தப் பட்டாளமும் நடக்க முடியாத தாளம். மனிதக் காலில்லாத யுத்தம் அது. இயந்திரம் தானாக நடக்கிற யுத்தம். இதை ஹோல்ஸ்ட் 1914ல், உலக யுத்தம் முழுதாக மூளுமுன்பே ஏறக்குறைய எழுதி முடித்துவிட்டார் என்பதைத் தீர்க்கதரிசனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். தொழிற்சாலை ஓசை அவருக்கு முன்பே கேட்டிருக்கிறது, அவ்வளவே.

மேத்தா இங்கே தோற்றுப்போகிறார் என்பது என் கட்சி. அவருடைய செவ்வாய் பிரமாதம். பிரமாதமாக இருப்பதே குறை. அந்த வாசிப்பு தன் பலத்தில் தானே மகிழ்கிறது. பித்தளை கர்ஜிக்கும்போது நமக்கு உற்சாகம் வருகிறது, பயம் வருவதில்லை. 1926ல் ஹோல்ஸ்டே லண்டன் ஸிம்பனி ஆர்கெஸ்ட்ராவை நடத்திப் பதிவு செய்த தட்டுகள் இருக்கின்றன. சப்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது, கறகறப்பு வேறு. ஆனால் பின்னால் வந்தவர்கள் பலரையும்விட வேகம். நின்று அனுபவிக்க அவகாசம் கொடுக்காத வேகம். அதில்தான் தறி நொண்டுகிறது. மேத்தாவிடம் நொண்டல் நடனமாகிவிட்டது.

ஆரணிக்கும் செவ்வாயைத் தெரியும். 1751ல் கிளைவும், 1782ல் ஹைதர் அலிக்கு எதிராக அயர் கூட்டும் சண்டையிட்ட ஊர் இது. அந்தப் பீரங்கிகளின் ஞாபகம் ஊரில் யாருக்கும் இல்லை. தறியின் ஞாபகம்தான் இருக்கிறது.

*

இந்த 1782க்கு ஏழு வருஷம் முன்னால், திருவாரூரில் முத்துஸ்வாமி தீக்ஷிதர் பிறக்கிறார். கிரகங்களைப் பற்றி எழுதப்பட்ட சங்கீதம் என்று பேச வந்துவிட்டு அவரைத் தாண்டிப் போக முடியாது. நானும் வெகுநாள் தாண்டிப் போனவன்தான். காரணம், அவர் கோயிலின் பக்கம் நின்றிருந்தார்.

தீக்ஷிதரின் கிரக கிருதிகள் எப்படிப் பிறந்தன என்று ஒரு கதை சொல்வார்கள்: சிஷ்யர் சுத்தமத்தளம் தம்பியப்பனுக்கு வயிற்று வலி, ஜாதகத்தில் குரு சரியில்லை, அவருக்காக வியாழன்மேல் அடாணாவில் ஒரு கிருதி, பிறகு மற்ற நாட்களுக்கும். இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கிருதிகளை மாத்திரை மாதிரி விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தக் கிரகத்துக்கு இந்தப் பாட்டு, காலையில் ஒரு வேளை. இந்த வியாபாரத்தில் காணாமற்போவது, தீக்ஷிதர் உண்மையில் செய்த காரியம்.

அவர் செய்தது இது. ஞாயிற்றிலிருந்து சனி வரை ஏழு நாள். சூளாதி தாளங்கள் ஏழு. அந்த ஏழையும் அவற்றின் வரிசை பிசகாமல் வாரத்தின்மேல் வைத்தார். சூரியனுக்கு சௌராஷ்டிரம், துருவ தாளம், பதினான்கு அக்ஷரம். சந்திரனுக்கு அஸாவேரி, மட்டியம், பத்து. அங்காரகனுக்கு ஸுரடி, ரூபகம், ஆறு. புதனுக்கு நாட்டக்குறிஞ்சி, மிச்ர ஜம்பை, பத்து. வியாழனுக்கு அடாணா, திச்ர திரிபுடை, ஏழு. சுக்கிரனுக்கு பரஸ், கண்ட அட, பதினான்கு. சனிக்கு யதுகுலகாம்போதி, ஏகம், நாலே நாலு. பதினான்கில் தொடங்கின வாரம் நாலில் வந்து முடிகிறது. இது பரிகாரப் பட்டியல் அல்ல. காலத்தை அளக்கிற ஏழு கோல்களின் வரிசை. கிரகம் என்ற சொல்லுக்குப் பின்னால் அவர் கேட்டது காலத்தின் நடையை.

இந்தக் காதோடு மறுபடி ஹோல்ஸ்டிடம் போனால், அங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. முதல் பகுதியான செவ்வாய் ஐந்து. கடைசிப் பகுதியான நெப்டியூனும் ஐந்து. ஒன்று இடித்துத் தள்ளுகிற ஐந்து, மற்றது மிதக்கிற ஐந்து. ஒரே எண்ணிக்கை எப்படி இரண்டு காலமாக ஆகிறது என்பதுதான் அந்த ஐம்பது நிமிஷத்தின் பிரச்சினை. நடுவிலிருக்கிற ஐந்து கிரகங்களும் அந்த மாற்றத்துக்கான வழி. ஹோல்ஸ்டின் பட்டியலும் தீக்ஷிதரின் பட்டியலும் சந்தித்துக்கொள்வது ஐந்து பெயர்களில் மட்டும். யுரேனஸை ஹெர்ஷல் கண்டுபிடித்தபோது—1781. ஹெர்ஷலும் சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர்தான்—தீக்ஷிதர் சிறுவன். நெப்டியூன் தென்பட்டது 1846ல். தீக்ஷிதர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பெயர்கள் வேறு. ஏழு என்பது மட்டும் ஒன்று.

அந்த ஏழைச் சும்மா விடவில்லை பின்னால் வந்தவர்கள். 1904ல் ஸுப்பராம தீக்ஷிதர் வெளியிட்ட 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி'யில் இருப்பவை ஏழு கிருதிகள்தான். ராகுவுக்கும் கேதுவுக்கும் உரியவை பிறகு அச்சேறியவை. அவை தீக்ஷிதருடையவைதானா என்று சந்தேகப்படும் அறிஞர்கள் உண்டு. கோயிலில் ஒன்பது சிலை இருக்கும்போது பாட்டு ஏழோடு நிற்பது எப்படி? நிரப்பியாக வேண்டும். இங்கிலாந்திலும் இதே கதை. 1930ல் புளூட்டோ அகப்பட்டது. ஹோல்ஸ்ட் 1934 வரை உயிரோடிருந்தும் அதற்கு ஒன்று எழுதவில்லை. 2000த்தில் ஹாலே ஆர்கெஸ்ட்ராவுக்காக காலின் மாத்யூஸ் எழுதிச் சேர்த்தார். 2006ல் வானசாஸ்திரிகள் கூடி, புளூட்டோ கிரகமே அல்ல என்று தள்ளிவைத்துவிட்டார்கள். பட்டியல் போடுகிறவன் வேறு, உருவம் சமைக்கிறவன் வேறு என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது. இருவர் செய்ததும் முடிந்த வடிவம். அதில் காலி இடம் இல்லை. காலி இடம் இருப்பது பின்னால் வந்தவர்களின் பட்டியலில்.

மேற்கு, கிழக்கு என்று இரண்டு அறைகளாகப் பிரித்து வைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீக்ஷிதர் சென்னைக்கு அருகே மணலியில் தங்கியிருந்த காலத்தில் கம்பெனி பாண்டு வாத்தியக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டுகூட அதில் ஒன்று. அவர் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அந்தச் சூழலில்தான் பிடில் கற்றார். அந்தப் பக்கம் ஹோல்ஸ்ட், மொழிபெயர்ப்புகள் பிடிக்காமல் லண்டனில் ஸம்ஸ்கிருதம் படித்து, ரிக் வேத ஸூக்தங்களைத் தானே ஆங்கிலமாக்கி ஸ்வரப்படுத்தினார். ஸாவித்திரி கதையை 1908ல் ஒரு சிறிய ஆபராவாக எழுதினார். யமன் வந்து ஸாவித்திரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலில், வாத்தியமே இல்லாமல் தொடங்குகிற ஆபரா அது. காதுகள் எப்போதோ போய்வந்துவிட்டன. நாம்தான் இன்னும் வாசலில் நின்று பாஸ்போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாய்க்குத் தீக்ஷிதர் ஸுரடியை எடுத்ததை இப்போது நினைத்துப் பார்க்க வேண்டும். அங்காரகனுக்கு மங்களன் என்றும் பெயர் உண்டு. எரிகிற கட்டி ஒன்றின்மேல் குளிர்ந்த கையை வைத்தாற்போல அந்த ராகம். பயப்பட வேண்டியவனிடம் நின்று பேச ஒரு தொனியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஹோல்ஸ்ட் பயத்தையே நேராகக் காண்பித்தார். எது உயர்ந்தது என்பதல்ல என் கேள்வி. இருவரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: பயத்தை வைத்துச் செய்கிற வியாபாரம்.

*

சனிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டது இதைத்தான்.

சனி ஒரு சுற்று வர இருபத்தொன்பதரை வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம். ஜன்ம ராசிக்கு முன் ஒன்று, அது ஒன்று, பின் ஒன்று: ஏழரை. கணக்கு சரி, ஆகாயத்தில் அது அப்படித்தான் நகர்கிறது. ஸம்ஸ்கிருதத்தில் சனைச்சரன், மெதுவாகச் சஞ்சரிப்பவன். இதற்குமேல் சொல்லப்படுவதெல்லாம் ஜோதிடரின் கைச்சரக்கு.

அப்பாவின் கஷ்டத்துக்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியும் என்பது என் கட்சியாக இருந்தது. முன்பணம். ஜரிகையும் பட்டும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்னவரிடம் வாங்கின முன்பணம், ஒவ்வொரு சேலையிலும் கொஞ்சம் கழிந்து, ஒவ்வொரு விசேஷத்திலும் கொஞ்சம் ஏறி, ஒருபோதும் தீராமல் நின்றது. அந்தக் கடன் அடைகிற வரைக்கும் வேறு ஒருவருக்கு நெய்யப் போக முடியாது. இதில் சனி எங்கே வந்தான்? இதை நான் அப்பாவிடம் கேட்டும் இருக்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் பதில் சொன்னதில்லை. எள்ளைத் துணியில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போவார்.

1984 என்று நினைவு. மழை நாள். பாவில் ஈரம் ஏறித் தறி ஓடவில்லை. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காஸெட் ஓடிக்கொண்டிருந்தது. சனி.

புல்லாங்குழல்களும் ஹார்ப்பும் இரண்டே இரண்டு ஸ்வரக் கூட்டங்களை மாற்றி மாற்றி வைக்கின்றன. ஒன்று, மற்றொன்று, ஒன்று, மற்றொன்று. இதில் வேறு எதுவும் நடக்கவில்லை. கீழே எங்கோ பெரிய பிடில்கள் ஒரு மெட்டை ஆரம்பித்து, முடிக்காமல் விடுகின்றன. பிறகு டிராம்போன்கள் ஒரு ஊர்வலம்போல வருகின்றன. ஊர்வலம் நெருங்க நெருங்க மணிகள் அடிக்க ஆரம்பிக்கின்றன. உலோகத்தால் அடிக்கப்பட்ட மணிகள், ஊரில் தீப்பிடித்தாற்போல. அது உச்சம். அதற்குப் பிறகு, யாரும் எதிர்பாராதபடி, அதே இரண்டு அடிகள், அதே நடை; ஆனால் அதில் இப்போது பயமில்லை. எதுவும் மாறவில்லை, வந்தவன் வந்துவிட்டான். அவன் உட்கார்ந்திருக்கிற வீட்டில் வெளிச்சமும் இருக்கிறது.

"யாரு இது?" என்று கேட்டார் அப்பா.

"சனி."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மணிகள் வந்தபோது முகத்தைச் சுளித்தார். கடைசியில், "மெதுவாத்தான் வர்றான்" என்றார். எழுந்து பாவைத் தொட்டுப் பார்க்கப் போனார்.

இதை ஒரு சமரசக் கதையாக எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. அப்பா ஹோல்ஸ்டை ரசித்தார் என்றோ, நான் எள் விளக்கு ஏற்றப் போனேன் என்றோ யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது வேறு. அவருடைய கஷ்டத்தின் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. அதன் நீளம் எனக்குத் தெரியவில்லை. முன்பணம் என்ற சொல்லில் நீளம் இல்லை. ஒரு சேலைக்கு மறு சேலை, ஒரு வருஷத்துக்கு மறு வருஷம், இந்த மிதி, அந்த மிதி என்று ஒரு மனிதன் அதற்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை என் பகுத்தறிவு எனக்குச் சொல்லவில்லை. அப்பா அந்த நீளத்துக்கு வைத்திருந்த பெயர் சனி. நான் அந்தப் பெயரைத்தான் பார்த்துச் சண்டை போட்டேன். அந்த ஒன்பது நிமிஷச் சங்கீதத்தில் பெயர் கழன்று விழுந்து நீளம் மட்டும் கேட்டது. நான் கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றுதான் என்று அன்றைக்கு ஒரு கணம் இருந்தது. அந்த ஒரு கணத்தின் பொருட்டே இந்தத் தட்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஏழு பகுதிகளில் தனக்குப் பிடித்தது சனிதான் என்பது ஹோல்ஸ்டின் கணிப்பு. சரியான கணிப்பு. ஜனங்களுக்குப் பிடித்தது வியாழன்; அதன் நடுவிலுள்ள மெட்டுக்கு 1921ல் தேசபக்திப் பாட்டு ஒன்றைப் பொருத்தி, யுத்தத்தில் செத்தவர்களின் நினைவு நாளில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். குதூகலத்தைக் கொண்டு வருகிறவன் சாவு வீட்டுக்குப் பாடப் போனான். சனியை அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. தீக்ஷிதரின் யதுகுலகாம்போதியையும் அப்படித்தான். தாலாட்டின் சாயல் கொண்ட அந்த ராகத்தில், இருப்பதிலேயே எளிய நாலு அக்ஷரத்தில், வாரத்தின் கடைசி நாளில் அவர் கொண்டுவந்து நிறுத்துகிற சனியும் பயமுறுத்துகிறவன் அல்ல. பயமுறுத்தல் எங்கள் ஊர் ஜோதிடரிடமும், பட்டும் ஜரிகையும் கொடுத்தவரிடமும்தான் இருந்தது. கலை எதையாவது செய்கிறது என்றால் இதைச் செய்கிறது: பயத்தைத் தங்கள் முதலாக வைத்திருப்பவர்களிடமிருந்து காலத்தை மீட்டு, அதில் நடக்கிறவனிடம் திருப்பிக் கொடுக்கிறது.

மேத்தாவின் தட்டு இங்கே ஜெயித்துவிடுகிறது. செவ்வாயில் காட்சியாக நின்ற அந்தச் சப்தம், சனியில் பாரமாக மாறுகிறது. அந்தக் கீழ்ஸ்தாயி, ஒலிப்பெட்டி விற்பதற்கான கீழ்ஸ்தாயி, இங்கே தரைக்கு அடியில் யாரோ நடப்பதைப்போல இருக்கிறது. அவசரம் இல்லை. முடிவை அவர் இனிப்பாக்கவும் இல்லை.

*

நெப்டியூனின் முடிவு பற்றி ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 1918 செப்டம்பர் 29ந் தேதி, யுத்தம் முடிய ஆறு வாரம் இருக்கையில், லண்டன் குவீன்ஸ் ஹாலில், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் கேட்க, ஏட்ரியன் போல்ட் நடத்தி இது முதலில் வாசிக்கப்பட்டது. கடைசிப் பகுதியில் பெண் குரல்கள் வருகின்றன. சொல் இல்லாத குரல்கள். பாடினவர்களில் ஹோல்ஸ்ட் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவிகள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது. பக்கத்து அறையில் நின்று பாட வேண்டும். அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். கடைசியில் அந்தக் கதவை மெள்ள, சத்தமில்லாமல் சாத்த வேண்டும். கடைசி அளவை, ஓசை தூரத்தில் மறைகிறவரை திரும்பத் திரும்பப் பாட வேண்டும். முடிவு எழுதப்படவில்லை. கதவுதான் எழுதப்பட்டிருக்கிறது.

இசைத்தட்டில் கதவு இல்லை. அங்கே இருப்பது தேய்ந்து போகிற ஒலி மட்டும். எங்கள் வீட்டுக் காஸெட்டில், குரல்கள் தேயும்போது நாடாவின் இரைச்சல் மேலே வந்து அவற்றை மூடிவிடும். அதற்கும் முன்னாலேயே மாமா வீட்டுத் தறி மூடிவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் முடிவதற்கு அரை நிமிஷம் முன்பே ஆரணியில் நெப்டியூன் முடிந்துவிடும். ராத்திரி வேளையில், தறிகள் ஓய்ந்த பிறகு கேட்டால், கொஞ்சம் அதிகம் கிடைக்கும்.

மாமா இப்போது இல்லை. அவர் வீட்டுக் குழித்தறியை மூடி மேலே தளம் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும். அப்பாவுக்கு ஏழரை முடிந்தது, முன்பணம் முடியவில்லை, பிறகு ஒருநாள் அவர் முடிந்தார். இப்போது நான் கைபேசியில், காதில் செருகிக்கொண்டு, அதே 1971ம் வருஷத்துப் பதிவைக் கேட்கிறேன். இரைச்சல் இல்லை. குரல்கள் எவ்வளவோ தூரம் வரைக்கும் கேட்கின்றன. எங்கே முடிகிறது என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. நேற்றுக் கேட்டபோது முடிந்துவிட்டதாக நினைத்துக் காதிலிருந்து எடுத்தேன். நாலாவது வீட்டில், இன்னும் மிச்சமிருக்கிற கைத்தறி ஒன்றில், யாரோ நெய்துகொண்டிருந்தார்கள். இந்த மிதி, அந்த மிதி. நொண்டவில்லை.